மூணாவது செட்

அத்தியாயம் 1

"என் புருஷன் மூணு பேரை வச்சிருக்கார்" என்றாள் அந்தப் பெண்மணி, நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே.

ரேடியோ எழுந்து நின்றுவிட்டான். மரியாதைக்காகத்தான். ஆனால் அந்த மரியாதை வந்தவளுக்கா, அவள் புருஷனுக்கா என்பது அவன் முகத்தைப் பார்த்தால் தெரியவில்லை.

"உட்காருடா" என்றாள் அண்ணி.

சலவைக்கடைக்கு மேல் மாடியில் இருந்த அந்தத் துப்பறியும் நிலையத்தின் சொந்தக்காரி அண்ணி. இப்போது ஊருக்கே அண்ணிதான் என்றாலும், உண்மையில் அவள் ரேடியோவுக்கு மட்டும்தான் அண்ணி. அவனுடைய அண்ணனைக் கல்யாணம் செய்துகொண்ட குற்றத்துக்குக் கிடைத்த தண்டனையாக அவனும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டான். அண்ணன் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். கரைக்கு வருகிறபோது வருவார். இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன் அண்ணி ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் டெலிபோன் போர்டில் பல வருஷம் உட்கார்ந்திருந்தாள். அழுதுகொண்டு பேசுபவர்கள், மூச்சு வாங்கப் பேசுபவர்கள், பாதியில் மயங்கி விழுபவர்கள் என்று எல்லோருடைய குரலும் அவள் காது வழியாகத்தான் போகும். ஆளைப் பார்க்காமலே வார்த்தையைப் பிடிக்கிற வித்தை அங்கே படித்ததுதான்.

ரேடியோவுக்கு அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. அவன் அப்போதே ஆரம்பித்துவிட்டான்.

"மூணு பேர்னா... ஒரே நேரத்துலயா மேடம்? இல்ல, ஒருத்தர் ரிட்டையர் ஆனப்புறம் இன்னொருத்தரா?"

"ரேடியோ!"

"வால்யூம் குறைச்சுட்டேன் அண்ணி."

வந்தவள் தபால் ஆபீஸில் பார்சல் கவுன்ட்டரில் இருப்பவள். ஐம்பதை நெருங்கும் வயது. அழுத கண். ஆனால் நிமிர்ந்த முதுகு. அவள் முகத்தைச் சுற்றி ஓர் ஈ வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. மேஜையிலிருந்த வாரப் பத்திரிகையைச் சுருட்டி எடுத்தவள், அந்த ஈ தலைக்குப் பின்னால் போனபோது, திரும்பிக்கூடப் பார்க்காமல் மணிக்கட்டை மட்டும் ஒரு வெட்டு வெட்டினாள். பட் என்று ஒரு சத்தம். ஈ பறந்துபோய் எதிர்ச் சுவரில் ஒட்டிக்கொண்டது.

ரேடியோ தன் நாற்காலியை ஓர் அடி பின்னால் இழுத்துக்கொண்டான். அண்ணி மட்டும் அந்த மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்க."

"அவர் பல் செட் செய்யறவர். லேப்ல வேலை. முந்தாநாள் சாயங்காலம் வீட்டுக்கு வரல. லேபுக்குப் போன் பண்ணினேன், அப்பவே கிளம்பிட்டார்னாங்க. ராத்திரி பூரா தூங்கல. நேத்து காலையில இது வந்துச்சு. அதோட போன் அணைஞ்சுடுச்சு." அவள் தன் போனை மேஜைமேல் வைத்து அழுத்தினாள்.

ஓர் ஆண் குரல், மூச்சிரைப்போடு வந்தது.

"நான்தான். பயப்படாதே. அந்த செட்டைக் கொடுத்துடச் சொல்லு, டிராயர்ல ரெடியா இருக்கு. நான் மூணாவது செட்டுல விழுந்துட்டேன். இனிமே எழுந்துக்க முடியாது போலிருக்கு. அவங்கதான் பக்கத்துலயே இருந்து பார்த்துக்கறாங்க. செட் ஆனதும் நேர்ல வந்து எல்லாத்தையும் சொல்லிடறேன். மன்னி..."

அங்கே அறுந்துவிட்டது.

"பார்த்தீங்களா? மூணாவது செட்டப்புல விழுந்துட்டாராம்! அப்ப முதல் ரெண்டு எங்க? என்கிட்ட ஒரே ஒரு நகை செட் இருக்கு, டிராயர்ல. அதை அவளுக்குக் கொடுத்துடணுமாம்! அவளோட இவருக்கு எல்லாம் செட் ஆனப்புறம் நேர்ல வந்து சொல்வாராம்! வெட்கமே இல்லாம மன்னிப்பு வேற. அதையும் முழுசாக் கேக்கல, பாதி மன்னிப்பு!" அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "சாயங்காலம் வக்கீலைப் பார்க்கறேன். கோர்ட்டுக்குப் போகாம விடமாட்டேன். அதுக்குள்ள அவங்க யாருன்னு எனக்குத் தெரியணும்."

"மேடம் சொல்றது பொருந்துது அண்ணி" என்றான் ரேடியோ. "இன்னொண்ணும் பொருந்தும். நாடக செட். மேடையில மலை, மாளிகை, காடுன்னு போடுவாங்களே. மூணாவது செட் மாளிகை. மாடியிலேருந்து விழுந்துட்டார். இல்லேன்னா டிவி செட், டீ செட், பம்ப் செட். பம்ப் செட்டுல விழுந்திருந்தா எழுந்துக்க முடியாதுதான்..."

"அதை இன்னொரு தடவை போடுங்க" என்றாள் அண்ணி.

இந்த முறை அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். குரலுக்குப் பின்னால், தூரத்தில், ஏதோ தட்டும் சத்தம். நடுநடுவே கிறீச் கிறீச் என்று ஒன்று.

"சுத்தியல் சத்தம்" என்றான் ரேடியோ. "நான் சொன்னேன்ல? மேடைக்கு ஆணி அடிக்கறாங்க. அந்தக் கிறீச், எலி."

"எலிக்கு நாடகத்துல என்ன வேஷம்? எழுந்திரு. லேபுக்குப் போகலாம்."

*

பல் லேப் என்பது ஒரு சந்துக்குள் இருந்த நீளமான அறை. அலமாரி முழுக்க பிளாஸ்டர் வாய்கள். மேல்வாய், கீழ்வாய், ரெண்டும் சேர்ந்த வாய். எல்லாம் ஒரே நேரத்தில் அவர்களைப் பார்த்துச் சிரித்தன. ஜன்னலோரம் ஓர் இளம்பெண் சுழலும் மோட்டாரில் ஒரு ரோஸ் நிற ஈறைப் பிடித்துப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் ஒரு பெரியவர் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார். அவர் வாயில் ஒரு பல்கூட இல்லை.

"ஷெட் எங்கே? என் ஷெட்! நாளைக்கு ஏலம் விடணும்மா! 'ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்'னு ஷத்தமா ஷொல்லணும். இப்படிப் போய் நின்னா ஷாமான் போகுமா? ஷபைதான் ஷிரிக்கும்!"

"ஐயா, அண்ணன் வரட்டும், எங்க வச்சார்னு எனக்குத் தெரியாது" என்று அந்தப் பெண் கெஞ்சினாள்.

அண்ணி நேராகக் கடைசி மேஜைக்குப் போனாள். "இதுதான் அவர் இடமா? டிராயரைத் திறந்து பாரும்மா."

டிராயரில் ஈரப்பஞ்சில் சுற்றி, ஒரு முழு வரிசைப் பல். ஏலக்காரர் அதைப் பிடுங்கி வாயில் போட்டு, இரண்டு தடவை மென்று பார்த்து, "சபாஷ்!" என்றார். அந்த 'ச'வைக் கேட்டு அவருக்கே கண் கலங்கிவிட்டது. "சரியா உட்கார்ந்திருக்கு சார்! சுகமா இருக்கு! சந்தோஷம்!" என்று ச வருகிற வார்த்தையாகத் தேடித் தேடிச் சொல்லிக்கொண்டே வெளியேறினார்.

அண்ணி கூடவே வந்திருந்த பார்சல் மேடத்தின் பக்கம் திரும்பினாள். "உங்க நகையை யாரும் கேக்கல. 'டிராயர்ல ரெடியா இருக்கு'ன்னு சொன்னது இந்தப் பல்லைத்தான். ஒரு செட் கிடைச்சாச்சு."

பார்சல் மேடத்தின் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வந்தது. பாலிஷ் பெண் வாயைத் திறந்ததும் அது அணைந்துபோனது.

"அண்ணன் கொஞ்ச நாளா ஆளே மாறிட்டார்க்கா. தொப்பை பாதி குறைஞ்சுடுச்சு. தினம் சாயங்காலம் நாலு வீட்டுக்கு டெலிவரின்னு சொல்லிட்டு ஒரு நீளமான பையோட கிளம்பிடுவார். ஒருநாள் ஏதோ மறந்துட்டேன்னு திரும்பி வந்தார், தலையெல்லாம் நனைஞ்சு, குளிச்ச மாதிரி இருந்துச்சு. அப்பப்ப இந்தக் கண்ணாடி முன்னாடி நின்னு, முட்டியை மடக்கிக்கிட்டு, இந்தப் பக்கம் ரெண்டு எட்டு, அந்தப் பக்கம் ரெண்டு எட்டுன்னு போவார். நான் பார்த்தா இருமுவார்."

"டான்ஸ்!" என்றான் ரேடியோ. "முடிஞ்சுது. வயசான காலத்துல ஒருத்தர் மெலிஞ்சு, குளிச்சு, டான்ஸும் கத்துக்கிட்டா, அதுக்கு உலகத்துல ஒரே காரணம்தான் மேடம்."

பார்சல் மேடம் அருகிலிருந்த பிளாஸ்டர் வாய் ஒன்றைக் கையில் எடுத்தாள். ரேடியோ அந்த மணிக்கட்டை நினைத்து அண்ணியின் பின்னால் ஒதுங்கினான்.

அண்ணி மேஜைக்கு அடியில் குனிந்திருந்தாள். அங்கே ஒரு ஜோடி பழைய கான்வாஸ் ஷூ. மேலெல்லாம் வெள்ளை வெளேரென்று பூசியிருந்தது. அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இது என்ன, ஷூ பாலிஷா?"

"பல் அச்செடுக்கற பிளாஸ்டர்க்கா" என்று பாலிஷ் பெண் சிரித்துவிட்டாள். "முதலாளி தேடிக்கிட்டே இருக்கார், மாவு ஏன் சீக்கிரம் தீர்ந்துபோகுதுன்னு."

ஷூவின் அடிப்பாகம் கரும்பழுப்பு ரப்பர். தெருவில் நடந்த தேய்மானம் இல்லை. ஆனால் வலது காலின் விரல் பக்கம் மட்டும் பிய்ந்திருந்தது. அதனால்தான் வேறு ஷூ வாங்கியிருக்க வேண்டும். ஷூவுக்குள் ஒரு வெள்ளை இறகு.

"கோழி வளர்க்கறாரா?" என்றான் ரேடியோ. பிறகு குரலை ரகசியமாக்கி, "தலையணைப் பஞ்சு... இல்ல, தலையணை இறகு. ஐயோ அண்ணி, தலையணை கிழியற அளவுக்கா?"

"எந்தக் கோழி தன் இறகை ஓரமா நேர்க்கோட்டுல கத்தரிச்சுக்கிட்டு அலையுது? காம்புல பார், பசையும் நூலும் ஒட்டியிருக்கு." அண்ணி இறகைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். "டாக்ஸி கூப்பிடு."

"எங்க போறோம்?"

"கோர்ட்டுக்கு."

"வக்கீல் இல்லாமலா?" என்றாள் பார்சல் மேடம்.

*

டாக்ஸி கிளம்பவில்லை. எங்கே போகவேண்டும் என்று அண்ணி இன்னும் டிரைவருக்குச் சொல்லவில்லை. அவள் பின்சீட்டில் பார்சல் மேடத்தைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள்.

"அந்த மெசேஜ்ல செட்டுங்கற வார்த்தை மூணு தடவை வருது. மூணையும் நீங்க ஒரே பொம்பளை விஷயமா முடிவு பண்ணிட்டீங்க. முதல் செட் பல்லுன்னு தெரிஞ்சுபோச்சு. அது போகட்டும். வேற ஒரு வார்த்தை என்னைக் குடையுது. 'அவங்கதான் பார்த்துக்கறாங்க'ன்னார். ஒரு ஆம்பளை அந்த மாதிரிப் பொம்பளையைப் பத்திப் பொண்டாட்டிகிட்ட சொல்றப்போ அவங்க, இவங்கன்னு சொல்வாரா?"

"அவன் அவன் வளர்ப்பைப் பொறுத்தது" என்றான் முன்சீட்டிலிருந்து ரேடியோ.

"அதோட, யார்னு சொல்லாம வெறும் அவங்கன்னா, கேக்கறவங்களுக்கு ஆளைத் தெரியும்னு அர்த்தம். பேரைச் சொல்லவும் முடியல. உங்க வீட்டுல பேரே எடுக்கக்கூடாதுன்னு யாராவது இருக்காங்களா?"

பார்சல் மேடம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பறக்கற ஈயைத் திரும்பிப் பார்க்காம பின்கையால அடிச்சீங்க. அது தபால் முத்திரை குத்திக் குத்தி வந்த கை இல்ல. எந்த வயசுலேருந்து ஷட்டில் ஆடினீங்க?"

டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டார்.

"சின்ன வயசுலேருந்து" என்றாள் கடைசியில். "நானும் எங்க அக்காவும். ரெண்டு பேரும் ஒரே ஜோடி. அக்காவுக்குக் கல்யாணம்னு வந்தப்போகூட, என் தங்கச்சியோட டபுள்ஸ் ஆடறதை நிறுத்தமாட்டேன்னு சொல்லி நல்ல சம்பந்தத்தை விட்டவ. மாநிலப் போட்டி ஃபைனல். எங்களுக்கு ஒரு செட், எதிர் ஜோடிக்கு ஒரு செட். மூணாவது செட், கடைசி பாயின்ட். இறகுப் பந்து எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல வந்துச்சு. அவ எடுப்பான்னு நான் விட்டேன். நான் எடுப்பேன்னு அவ விட்டா. விழுந்துடுச்சு."

"அவ்வளவுதானா?" என்றான் ரேடியோ.

"அவ்வளவுதானாவா? எல்லார் முன்னாடியும் 'உன்னோட ஆடினது என் தலையெழுத்து'ன்னா. நானும் ஒண்ணு சொன்னேன். அதை இப்பச் சொல்லமாட்டேன். கல்யாணம் ஆகாம நிக்கறவகிட்ட சொல்லக்கூடாததைச் சொல்லிட்டேன். அன்னிலேருந்து அவ எனக்கு யாரோ." அவள் கண்ணைத் துடைத்தாள். "பழைய கிடங்கு ஒண்ணை எடுத்துப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுக்கறாளாம். ஆத்தங்கரைப் பக்கம். நான் அந்தத் தெருவுக்கே போனதில்ல. இப்பவும் வரமாட்டேன்."

"அப்ப வக்கீல் ஆபீஸ்ல இறக்கிவிடவா?" என்றாள் அண்ணி.

பார்சல் மேடம் டிரைவரின் முதுகைப் பார்த்துச் சொன்னாள். "ஆத்தங்கரை."

*

கிடங்கின் உள்ளே உயரமான தகரக் கூரை. மரத்தரையில் வெள்ளைக் கோடுகள். சிறுமிகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். டொக், டொக் என்று பேட் சத்தம். ரப்பர் ஷூக்கள் தரையில் தேய்ந்து கிறீச்சிட்டன.

"உன் எலி" என்றாள் அண்ணி.

கோர்ட் ஓரமாக, நான்கு உடற்பயிற்சி மெத்தைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அதன் உச்சியில் ஒரு மனிதர் சாய்ந்திருந்தார். பாதி குறைந்த தொப்பை. வலது கால் முட்டிவரை வெள்ளைக் கட்டு. ஒரு கையில் விசிலும் இன்னொரு கையில் பிஸ்கட்டுமாக ஆட்டத்துக்குத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார். மனைவியைப் பார்த்ததும் விசிலைக் கடித்தார். பிஸ்கட்டை ஊத முயன்றார்.

"வந்... வந்துட்டியா?"

"இது என்ன கால்?" அவள் ஓட்டமாகப் போனாள்.

"உடைஞ்சுடுச்சு. ராத்திரி பூரா ஆஸ்பத்திரியில மயக்க ஊசியில கிடந்தேன். காலையில மெசேஜ்ல சொன்னேனே. டாக்டர் அசையக்கூடாதுன்னுட்டார். எலும்பு செட் ஆகணுமாம்."

"காலுன்னு எங்க சொன்னீங்க?"

"காலுன்னு சொன்னா நீ பயந்துடுவியேன்னு..."

"மூணு பொம்பளைன்னு நினைச்சேன்!"

அவர் தன் தொப்பையை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார். "எனக்கா?" என்று கேட்டார். அந்தக் குரலில் அதிர்ச்சியோடு லேசான பெருமையும் இருந்தது.

"போன் ஏன் அணைஞ்சுது?"

"சார்ஜ் போயிடுச்சு. இங்க இருக்கற சார்ஜர் என் போனுக்குப் பொருந்தல. இவங்க போன்லேருந்து கூப்பிடலாம்னா... உன் நம்பர் எனக்கு மனப்பாடம் இல்ல."

"கட்டின பொண்டாட்டி நம்பர்!"

"எங்கிட்டயும் இல்ல" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "எப்பவோ அழிச்சுட்டேன்."

நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்த உயரமான பெண். ஒரு முட்டியில் பட்டை. கையில் பேட். தங்கையைப் பார்க்காமல், அண்ணியைப் பார்த்துப் பேசினாள்.

"யாரும்மா நீங்க? வழக்கா? என்மேல தப்பில்ல. இந்த மனுஷன்தான் தேடி வந்தார். வந்து, 'என் வீட்டுல தினமும் அழறா. என்னன்னு கேட்டா தலைவலிங்கறா. பீரோவுல ஒரு பழைய போட்டோ இருக்கு, அதை எடுத்துப் பார்த்தப்புறம்தான் அந்தத் தலைவலி வருது. நீங்க ஒரு தடவை வந்து பேசுங்க'ன்னார். எனக்குச் சுருக்குன்னு கோபம் வந்துடுச்சு. எதிர்ல நிக்கற ஆளோட உடம்பைப் பார்த்தேன். 'மூணு செட் ஆடுவோம், நீங்க ஜெயிச்சா வரேன்'னுட்டேன். பயந்து ஓடிடுவார்னு நினைச்சேன். இவர் மறுநாளே ஷூவுக்கு வெள்ளையடிச்சுக்கிட்டு வந்து நிக்கறார்! பேட்டை எப்படிப் பிடிக்கணும்னு என்கிட்டயே கேக்கறார்!"

"எதிராளிகிட்டயேவா?" என்றான் ரேடியோ. இவ்வளவு நேரத்தில் முதன்முறையாக அவன் குரலில் ஒரு மரியாதை இருந்தது.

"பல வாரம் சொல்லிக் கொடுத்தேன். முந்தாநாள்தான் ஆட்டம். முதல் செட் நான் ஜெயிச்சேன், பழக்க தோஷம். ரெண்டாவது செட்டை விட்டுக் கொடுத்தேன். மூணாவதையும் தோத்துடலாம்னுதான் பார்த்தேன். தோக்கறது அவ்வளவு சுலபம் இல்லம்மா, இவரை மாதிரி ஆள்கிட்ட. நேரா பேட் மேலயே கொண்டுபோய் வச்சாலும் வெளியில அடிப்பார். எப்படியோ கடைசி பாயின்ட் வரைக்கும் கொண்டுவந்தேன். வலைக்குப் பக்கத்துல, குழந்தை அடிக்கற மாதிரி ஒண்ணு தூக்கிக் கொடுத்தேன். சும்மா நின்ன இடத்துல தட்டினாப் போதும். இந்த மனுஷன் குதிச்சார்!"

"ஸ்டைலா முடிக்கலாம்னு பார்த்தேன்" என்றார் மெத்தைமேல் இருந்தவர், மெல்லிய குரலில்.

பார்சல் மேடம் கணவரின் கட்டுப்போட்ட காலின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அவள் தோள் குலுங்கிற்று. சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று ரேடியோவுக்கே தெரியவில்லை.

"நேத்தே போய்ச் சொல்லிட்டு வாங்கன்னு கெஞ்சினார்" என்றாள் அக்கா, இன்னமும் அண்ணியிடமே. "எப்படிப் போறது? அவர் ஜெயிக்கலையே. சொன்னா சொன்னதுதான். அவர் ஜெயிக்காம நான் போய்ப் பேசமாட்டேன்."

"நீ வரவேண்டாம்" என்றாள் தங்கை. "நான் வந்துட்டேனே."

ஆடிக்கொண்டிருந்த சிறுமிகள் நின்றுவிட்டார்கள். அக்கா முதன்முறையாகத் திரும்பி அவளைப் பார்த்தாள். தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். கண் காலிலேயே நின்றது.

"கோர்ட்ல செருப்போட நிக்கறே" என்றாள். குரல் உடைந்து வந்தது. "தரை கெட்டுப்போகாதா? அதுகூட மறந்துபோச்சா உனக்கு?"

தங்கை அவசரமாகக் குனிந்து செருப்பின் வாரை இழுத்தாள். கண்ணீரில் அந்தச் சின்ன பக்கிள் அவளுக்குத் தெரியவில்லை. விரல் வழுக்கி வழுக்கிப் போனது. அக்கா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு, "நகரு, உனக்கு எதுவும் தெரியாது" என்று முணுமுணுத்தபடி பேட்டைக் கீழே போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து, தங்கையின் காலைப் பிடித்து வாரைக் கழற்றினாள். ஒரு கால். இன்னொரு கால்.

கழற்றிய பிறகுதான் தன் முட்டி மடங்கினால் நிமிராது என்பது அவளுக்கு நினைவு வந்தது. எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை.

ரேடியோ உதவிக்கு ஓர் எட்டு வைத்தான். அண்ணி அவன் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தினாள்.

தங்கை கையை நீட்டினாள். அக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.